சிடி டிரைவ் இருந்த இடத்தில்

எங்கள் வீட்டு லேப்டாப்பைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டால் அவர்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார். மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்துபோய், நிமிர்த்தி வைத்தால் முதுகுக்கு ஒரு பிஸ்கெட் டப்பாவை முட்டுக்கொடுக்க வேண்டும். பாட்டரி செத்து வெகுகாலமாகிவிட்டது. சார்ஜர் சொருகியிருந்தால்தான் உயிர். ஒயரில் கால் இடறினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். இந்த லட்சணத்தில் உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது. இன்னொன்று, சிடி போடும் டிரைவைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்துக்குள் ஒரு தகரத் தட்டில் வைத்துச் செருகியது. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் அந்தத் தட்டுக்குக் கேடி என்று பெயர். பொருத்தமான பெயர்தான்.

இரண்டாவது டிஸ்க்கைப் போடச் சொன்னவர் என் கணவர். அவர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறைதான் வகுப்பு. கொரோனா வந்து பிள்ளைகள் வரமுடியாமல் போனபோது, செல்போனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தி வீடியோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தார். தேய்மானத்துக்கு ஒரு வீடியோ, கூட்டாளி சேர்ப்புக்கு ஒரு வீடியோ, கூட்டாளி விலகலுக்கு ஒரு வீடியோ. அது சேரச் சேர லேப்டாப்பில் இடமில்லை. அதனால்தான் அந்த இரண்டாவது டிஸ்க். திரையில் அதற்கு டி என்று பெயர். மற்றதெல்லாம் சி, பாடமெல்லாம் டி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேற்கொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அன்றைக்கு இருக்கவில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பீடி, சிகரெட், வெற்றிலை, எதுவும் தொடாத மனுஷனுக்கு. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பிழைத்துக்கொண்டார். அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் கடவுளுக்கும் எனக்கும் பேச்சில்லை.

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்தார்கள். இவர் ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். அதிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக் கீழே வைத்தவர் மறுபடி தொடவில்லை. அன்றையிலிருந்து எழுதி அழிக்கிற சின்ன வெள்ளைப் பலகைதான். அதிலும் வாத்தியார் புத்தி போகாது. ‘காபியில் சர்க்கரை குறைவாக உள்ளது.’ என்று முழு வாக்கியமாக எழுதி, கடைசியில் முற்றுப்புள்ளி வைத்துத்தான் நீட்டுவார். சர்க்கரை போடுவதற்குள் காபி ஆறிவிடும்.

எனக்கு தி. நகரில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இல்லாத நேரத்தில் அந்த வீட்டில் ஒரு மனுஷன் சத்தமே இல்லாமல் எப்படி ஒரு பகலைத் தள்ளுகிறார் என்று யோசிக்கவே எனக்குப் பயம். அதனால் யோசிக்க மாட்டேன். டியூஷன் அறைக்கதவு சாத்தியே கிடந்தது. நான் பார்த்தவரை அவர் அதற்குள் போனதில்லை.

ஒரு நாள் கடையில் கூட்டம் குறைந்த வேளையில், இவர் என்னைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சும்மாதான். வரவில்லை. அவர் சொன்னது, திட்டியது, ஆட்டோக்காரரிடம் சண்டைபோட்டது எல்லாம் நினைவில் இருக்கிறது, வார்த்தை பிசகாமல் இருக்கிறது. ஆனால் எல்லாம் என் குரலில் கேட்கிறது. அவர் வசனத்தை நான் பேசுகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றேன். அப்போதும் நான்தான். கவுண்டரில் நின்ற அம்மாள் தன் புடவையை இரண்டு தடவை பில் போட்டுவிட்டேன் என்று சத்தம் போட்டபோதுதான் நிதானத்துக்கு வந்தேன்.

செல்போனில் இருக்காதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படம் எடுக்க வந்தால் கையை நீட்டி மறைக்கிற ஆள் இவர். கல்யாண வீடுகளில் பந்திக்கு மட்டும் முன்வரிசை, வீடியோ விளக்கு வந்தால் தூணுக்குப் பின்னால். வாட்ஸப்பில் குரல் அனுப்புகிற பழக்கமும் இல்லை. அதிலும் முற்றுப்புள்ளியோடு எழுத்துதான். பாடம் எடுத்த பழைய செல்போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் எங்கேயோ தொலைந்துபோனது. பழைய பிள்ளைகள் சிலருக்கு போன் போட்டேன். எல்லாரும் சாரை விசாரித்தார்கள், எல்லாரும் போன் மாற்றிவிட்டிருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் பாடத்தை யார் வைத்திருப்பார்கள்? நானே வைத்திருக்க மாட்டேன்.

ஆக மிச்சம் அந்த டி.

அவர் சாயங்காலம் சாந்தோம் பக்கம் கடற்கரைக்கு நடக்கப் போவார். எனக்கு வார விடுமுறை வந்த நாளில், அவர் கீழே கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் முன்னறைக்குள் போய் லேப்டாப்பைப் போட்டேன். அது எழுந்திருக்கவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. சி இருந்தது. டி இல்லை. அந்த இடமே சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல இருந்தது. நிறுத்திப் போட்டேன். இல்லை. மறுபடி நிறுத்திப் போட்டேன். இல்லை. ‘எங்கேடி போய்த் தொலைஞ்சே’ என்று வாய்விட்டே கேட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் மாடிவீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில், ‘சார் பாடம் எடுத்தா தெருமுனை வரைக்கும் கேக்குமே’ என்று ஒரு வார்த்தை சொன்னார். இவர் எழுந்து உள்ளே போனவர்தான், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் குரல் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று ஆசைகாட்டி, கடைசியில் அது கிடைக்காமல் போனால்? இன்னொரு தடவை அவருக்குக் குரல் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் ரிப்பேர் வீடியோ பார்ப்பதே வேலையாயிற்று. பக்கத்து சீட்டுப் பெண்கள் சமையலும் சீரியலும் பார்க்க, நான் ஒருத்தி திருகாணி கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு போனேன். லேப்டாப் எழுந்திருக்கும் முன்னால் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நீலத் திரை வரும், அதில் எந்த டிஸ்க் உள்ளே இருக்கிறது என்று காட்டும் என்று தெரிந்துகொண்டேன். தட்டினேன். முதல் டிஸ்க் இருந்தது, இரண்டாவதற்கு நேரே ஒன்றுமில்லை. மறுநாள் தட்டினால் இரண்டும் இருந்தன. துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் உள்ளே போவதற்குள் மறுபடி காணோம். சீக்காளி கண்ணைத் திறந்து திறந்து மூடுகிற கதைதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஏற்கெனவே இதைப் பார்த்து முடித்திருந்தேன். மறுபடியும் உட்கார வைத்துவிட்டது சனியன்.

அடுத்த விடுமுறையில் திருப்புளி வாங்கி வந்தேன். அடிப்பக்கம் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி ஓரத்தை நெம்பினால் தட்டு வெளியே வந்துவிடுகிறது. உள்ளே அந்த டிஸ்க் உள்ளங்கை அகலத்துக்குத் துணி சோப்பு மாதிரி இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. அதன் ஓரத்துப் பித்தளைப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். தட்டு லொடலொடவென்று ஆடியது, அதனால் எங்கள் கடை விசிட்டிங் கார்டை மடித்து இடுக்கில் கொடுத்து இறுக்கிச் செருகினேன். டி வந்தது. வந்தும் என்ன? தொட்டவுடன், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று மரியாதையாகக் கேட்கிறது. நல்லவேளை, பஸ்ஸில் பார்த்த ஏதோ ஒரு வீடியோவில், எது கேட்டாலும் அதற்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள் என்று ஒருத்தன் கத்தியிருந்தான். கையைச் சுட்டுக்கொண்டது போல எடுத்துவிட்டேன்.

சரி, இது நம்மால் ஆகாது என்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையில் அரைநாள் பர்மிஷன் போட்டு, லேப்டாப்பைப் பட்டுப்புடவைப் பையில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையில் பையைப் பிரித்துப் பார்த்ததுமே புது லேப்டாப் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாலாவதாக ஏறிய கடைக்காரர் வாயில் எதையோ மென்றுகொண்டே வாங்கிப் பார்த்தார். ‘இன்னாக்கா, இத்த இன்னும் வெச்சிக்கினு கீறீங்க?’ என்றார். என் மூஞ்சியைப் பார்த்தாரோ என்னவோ, மேற்கொண்டு கேலி பண்ணவில்லை. நான் மடித்து வைத்த விசிட்டிங் கார்டை எடுத்துக் கீழே போட்டார். தட்டில் டிஸ்க்கைக் கவ்வுகிற பின் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று வேறு தட்டு மாற்றினார். டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கேட்டார். ஏதேதோ தட்டினார்.

டி திறந்தது. ஃபோல்டர் ஃபோல்டராக வரிசை. வீடியோ என்று இருந்ததை அவர் திறந்தார். திரை முழுக்க என் கணவர். சின்னச் சின்னக் கட்டத்தில் அத்தனை முகம், அதே சாம்பல் நிறச் சட்டை, பின்னால் அதே சுவர். பேசிக்கொண்டிருக்கும்போது பிடித்த படங்கள், அதனால் எல்லாவற்றிலும் வாய் திறந்திருந்தது. நான் கையை நீட்டினேன். ஒன்றே ஒன்று, ஒரு வார்த்தை போதும். கடைக்காரர் தடுத்துவிட்டார்.

‘எதையும் ஓட்டிப் பாக்காதீங்கக்கா. டிஸ்க்கு போய்க்கினு கீது. நேரா காப்பி போடுங்க, முடியிற வரைக்கும் நிறுத்தாதீங்க. நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி எந்திரிக்குமான்னு என்னிய கேக்காதீங்க.’

அப்படியானால் இங்கேயே காப்பி எடுத்துக் கொடுங்கள் என்றேன். நாளைக்குப் பூஜை, இன்றைக்குச் சாயங்காலம் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவோம், எதையும் ஓட விடமாட்டோம், விட்டுப்போனால் லீவு முடிந்து பார்க்கலாம் என்றார். அவருக்கு அதில் எந்த அவசரமும் இல்லை. விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த முகங்களைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் சில நாள் தாங்குமா? காப்பி எடுக்க, வெளியே ஒயரில் மாட்டுகிற ஒரு புது டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, மூடியைச் சாத்தினாலும் லேப்டாப் ஓடுகிற மாதிரி வைத்துத் தரச் சொல்லி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வழி முழுக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரரை வைதேன். அவர் பாவம், மெட்ரோக்காரன் தோண்டியதற்கு அவர் என்ன செய்வார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கடற்கரைக்குப் போயிருந்தார். முன்னறை மேஜைக்கு அடியில், சுவர் ஓரமாக பிளக் பாயிண்ட் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துப் போட்டேன். சாமி மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு பார்த்தால், டி வந்தது. எல்லா ஃபோல்டரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் புது டிஸ்க்குக்குக் காப்பி போட்டேன். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. மூடியைச் சாத்தி, மேலே ஒரு பழைய பேப்பரைப் பரப்பி, அறைக்கதவையும் சாத்திவிட்டு வந்து ரசத்துக்குப் புளி கரைத்தேன். உப்பை இரண்டு தடவை போட்டேன். இவர் வந்து என்னைப் பார்த்துவிட்டு, ‘உடம்பு சரியில்லையா?’ என்று எழுதிக் காட்டினார். தலைவலி என்றேன்.

மறுநாள் பூஜை. எங்கள் கடையில் அன்றைக்கு விடியற்காலையிலேயே எல்லாரும் ஆஜராக வேண்டும். முதலாளி குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், பூஜை விஷயத்தில் கறார். கல்லாப்பெட்டி, பில் மெஷின், துணி வெட்டும் கத்திரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பை பொரி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கிளம்பும் முன்னால் கதவைத் திறந்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. வினாத்தாள் ஃபோல்டரில் வருஷம் வருஷமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிறதைத் தொட வேண்டாம் என்று சாத்திவிட்டுப் போனேன். வீட்டில் அதைத் தொட யார் இருக்கிறார்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆயுத பூஜையே கிடையாது. மந்திரம் சொல்ல முடியாதவனுக்கு என்ன பூஜை என்று முதல் வருஷமே பலகையில் எழுதிவிட்டார்.

பொரிப் பையோடு திரும்பி மாடிப்படி ஏறும்போதே கற்பூர வாசனை. யார் வீட்டிலோ என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக் கதவில் மாவிலை தொங்கியது. உள்ளே முன்னறைக் கதவு விரியத் திறந்து, தரை கழுவி, மாக்கோலம்கூட, கோணலும் மாணலுமாக அவரே போட்டது. இவர் குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் விபூதியோடு நின்றார். மனுஷன் எழுந்துவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அந்தச் சில நொடி நான் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

பிறகுதான் பூஜை மனையைப் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அக்கவுண்டன்சிப் புத்தகங்கள், கால்குலேட்டர், சிவப்புப் பேனாக்கள், அவர் பேசுகிற அந்த வெள்ளைப் பலகை. எல்லாவற்றுக்கும் நடுவில் லேப்டாப். ஈரத்துணியால் துடைத்து, மூடியின் நாலு மூலையிலும் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம். சார்ஜர் ஒயரை அழகாகச் சுருட்டி முடிச்சுப் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார். புது டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு. அதையும் தன் பழைய சாமான் என்று நினைத்துவிட்டார்.

காப்பி எந்த இடத்தில் நின்றுபோனதோ. அவர் என்னைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். மணியை ஆட்டினார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஸ்லோகம் முழுக்க, ஒரு வரி விடாமல். தீபாராதனையை லேப்டாப்புக்கும் காட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம். நான் அதைப் பார்த்து இரண்டு வருஷமாயிற்று. அந்த முகத்தைப் பார்த்து, அடப்பாவி மனுஷா, என்ன காரியம் செய்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் மறுபூஜை முடிந்த பிறகுதான். அவர் பலகையும் அங்கேதான் இருந்தது. அன்றைக்குப் பகல் முழுக்க அவரால் ஒரு வார்த்தை எழுத முடியாது, என்னால் ஒரு வார்த்தை பேச முடியாது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து பொரியும் சுண்டலும் தின்றோம். இவர் இன்னொரு கரண்டி சுண்டல் சைகையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமையலறைக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். மூளை கெட்டவளே, மொத்தத்தையும் வாரிப் போடாமல் முதலில் வீடியோவை மட்டும் எடுத்திருக்கக் கூடாதா? யாருக்குடி வேண்டும் வினாத்தாள்?

விஜயதசமியன்று அவர் வழக்கப்படி ஒரு புத்தகத்தை எடுத்து வாய்க்குள் ஒரு பக்கம் படித்தார். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனேன். சி வந்தது. டி இருக்க வேண்டிய பொந்துக்குள்ளிருந்து கர்ர் கர்ர் என்று, தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம். உடனே பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதே சத்தம். அதற்குமேல் தைரியம் இல்லை.

லீவு முடிந்ததும் ரிச்சி தெருக் கடைக்காரர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடையாறில் இப்படிச் செத்த டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். அது ஏசி போட்ட ஆபீஸ். கண்ணாடி அறைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். மறுபடியும் நான் ஒரு வராந்தாவில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து சொல்லுவதற்காகக் காத்திருந்தேன். வந்தவர் டிஸ்க்கைத் திறந்த நிலையில் கொண்டுவந்து காட்டினார். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று வட்டத் தட்டு. அதில் வளையம் வளையமாகக் கீறல். படிக்கிற முள் தட்டின்மேல் விழுந்து சுரண்டிவிட்டது, சுரண்டின இடம் பொடியாகிவிட்டது, பொடியை யாராலும் படிக்க முடியாது என்றார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தட்டில் என் முகம் தெரிந்தது.

காப்பியானது என்னென்ன என்று புது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அத்தனை வருஷத்து வினாத்தாளும் ஒன்று விடாமல் வந்திருந்தது. விடைக்குறிப்பும் வந்திருந்தது. வீடியோ ஃபோல்டர் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு ஃபைல். அழுத்தினால், இதைத் திறக்க முடியாது என்றது. இன்றைக்கு வரைக்கும் அதை நான் அழிக்கவில்லை.

அடையாறிலிருந்து வந்த சாயங்காலம் அவர் நடக்கப் போகவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பக்கவாட்டில் பொந்து காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பலகையை எடுத்து எழுதினார்.

‘எதற்காக இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்?’

உங்கள் வினாத்தாளைக் காப்பாற்றத்தான் என்றேன், எரிச்சலாக. அவர் பலகையை இறக்கவில்லை. என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றார். எத்தனை நாள்தான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது?

‘உங்க குரல் இருந்துச்சு அதுல. எடுத்துரலாம்னு பார்த்தேன். போயிடுச்சு. போதுமா?’

அவர் பலகையைத் துடைத்தார். எழுத்தெல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். ‘பூஜையன்று அது ஓடிக்கொண்டிருந்ததா?’

கணக்கு வாத்தியார். எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். இல்லை, அதற்கு முன்னாலேயே போய்விட்டது என்று சொன்னேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். நம்பினாரா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகை நிறைய எழுதி என் பக்கம் தள்ளினார்.

‘நான் கேட்டிருக்கிறேன். நீ கடைக்குப் போன பிறகு, அந்த அறையில், ஹெட்போன் போட்டுக்கொண்டு. தினமும் ஒரு பாடம். டி காணாமல் போன பிறகுதான் விட்டேன்.’

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வந்தது அழுகை இல்லை, கோபம். அப்படி ஒரு கோபம். நான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போன பகல்களில், பில் போட்டுக்கொண்டு அவர் குரலை நினைவுபடுத்திப் பார்த்துத் தோற்ற பகல்களில், அவர் அதை வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். தனக்கு மட்டும். ஒரே வீட்டில். எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கத்தினேன். அந்த வீட்டில் கத்துவதற்கும் நான் ஒருத்திதான்.

அவர் எழுதினார். ‘நீ அழுவாய்.’

‘அழுதா என்ன இப்ப? அழுதுட்டுப் போறேன்.’

அவர் மார்க்கரை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார். கழுத்துத் துளையில் கட்டியிருந்த துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. என் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? வடிந்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். உலகத்தில் அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டவர் அவர்தான்.

‘எப்படிங்க இருந்துச்சு? எனக்கு மறந்தே போச்சு.’

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார், விடைத்தாளில் மார்க் போடுவதற்கு முன்னால் யோசிக்கிற மாதிரி, நிஜமாகவே யோசித்தார். ஏதோ எழுதப்போய் அழித்தார். மறுபடி எழுதி, அதையும் அழித்தார். கடைசியில் எழுதிப் பலகையை என் மடியில் வைத்தார்.

‘கொஞ்சம் வேகமாகப் பேசியிருக்கிறேன்.’